பொடி வேண்டாம், செருப்புத் தாங்க

"ஸ்டெம் செல்" என்ற சொல் உக்குவளைக்கு ஆஸ்பத்திரி வழியாக வரவில்லை, பாடசாலை வழியாகவும் வரவில்லை. வட்ஸ்அப் வழியாக வந்தது. பின்னாலேயே ஒரு பெட்டி வந்தது. பெட்டிக்குள் சின்னச் சின்னப் பக்கெட், பக்கெட்டுக்குள் பொடி. காலையில் வெறும் வயிற்றில் நாக்குக்குக் கீழே போட்டால் தேய்ந்த மூட்டு வளரும், பழுதான சிறுநீரகம் திரும்பும், மங்கின கண் தெளியும், மாதக்கணக்கில் ஆறாத கால் புண் மூடும். சுவிட்சர்லாந்தில் எங்கேயோ காய்க்கிற, வாடாத ஓர் ஆப்பிளில் இருந்து எடுத்ததாம். மாத்தளையில் மண்டபம் எடுத்து, கோட் போட்டு, மேடையில் ஏறிச் சொல்லுறாங்க. முன்வரிசையில் இருக்கிறது யார்? எங்கட மாமாமார், நானாமார், தோட்டத்தில் இருந்து பஸ் ஏறி வந்த ஆச்சிமார்.

கம்பெனிப் பேரை நாங்கள் எழுதப் போவதில்லை. ஒன்றை எழுதினால் அடுத்த மாதம் வேறு பேரில் இன்னொன்று வரும். இப்படி விற்கிற விதம் மாத்தளைக்காரருக்குப் புதுசும் இல்லை. வாசனைத் தோட்டங்களுக்கு வரும் வெள்ளைக்காரரிடம் எண்ணெய்ப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவார்கள் என்று பார்த்துச் சிரித்து வளர்ந்தவர்கள்தானே நாங்கள். இப்போது அந்த நாற்காலியில் எங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். சிரிப்பு வரவில்லை.

முதலில் பொடியின் கதையை முடித்துவிடுவோம், அதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. மூலக்கலம் என்பது இன்னும் எந்த வேலைக்கும் முழுதாகப் போகாத கலம். தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கும், தேவைப்பட்டால் தோலாகவோ இரத்தமாகவோ மாறும். ஆப்பிள் மரத்தின் மூலக்கலத்துக்கு ஆப்பிள் மரமாகத்தான் தெரியும், மனுசத் தோலாக மாறத் தெரியாது. அதிலும் காய வைத்துப் பொடியாக்கினால் அது செத்த கலம். வயிற்றுக்குள் போனால் மற்றச் சாப்பாட்டைப் போலவே செரிக்கும். செடியின் மூலக்கலத்தைச் சாப்பிட்டால் புண் ஆறும் என்றால், முருங்கைக் கொழுந்தும் முளைகட்டின பயறும் தின்னுகிற ஊரில் ஒருவருக்கும் புண்ணே இருக்கக் கூடாது. கொழுந்தின் நுனி முழுக்க மூலக்கலம்தான். ஒரு கட்டுக் கீரை என்ன விலை, அந்தப் பெட்டி என்ன விலை?

எங்கட சண்டை காசைப் பற்றியது மட்டுமில்லை. அந்தப் பெட்டி முடியிறதுக்கு எடுக்கிற நாட்களைப் பற்றியது.

இலங்கையில் 2018-19இல் நடந்த நாடளாவிய ஆய்வு ஒன்று, வளர்ந்தவர்களில் 23 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று கண்டது. கிட்டத்தட்ட நாலில் ஒருத்தர். உக்குவளைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தை எண்ணிப் பாருங்க. சீனி வருத்தம் பல வருசம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் முதலில் சாகிறது காலின் நரம்பு. அது சாகும்போது பலருக்கு வலிக்காது, அதுதான் பிரச்சினையே. முள்ளுக் குத்தினது தெரியாது. சப்பாத்துக்குள் கிடக்கிற கல் தெரியாது. மாசி மகத் தேருக்கு நடுமத்தியானம் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து உள்ளங்கால் பொத்தி வந்தது ராத்திரி மெத்தையில் இரத்தம் பட்ட பிறகுதான் தெரியும். வலி இல்லாத புண்ணை யாரும் புண்ணாக எடுப்பதில்லை. அதே இடத்தை ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான தடவை மிதிக்கிறோம். தோல் மூட மூட மிதித்து உடைக்கிறோம். கிருமி உள்ளே போகுது, எலும்பு வரைக்கும் போகுது. பிறகு விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே.

இந்தப் பாதையில் திரும்பி வர ஒரு நேரம் இருக்கிறது. சில வாரங்கள். பொடி தின்னுறது அந்த வாரங்களைத்தான். "மூணு மாசம் விடாமல் எடுங்க, முதல்ல கூடும், பிறகுதான் குறையும், அது உடம்பு கழிவை வெளியேத்துறது" என்று சொல்லித் தருகிறார்கள். புண் நாறத் தொடங்கினாலும் மருந்து வேலை செய்கிறது என்று நம்ப வைக்கிற வசனம் இது. இதை எழுதினவன் கெட்டிக்காரன். அவனுடைய கால் பத்திரமாக இருக்கும்.

இப்படி எழுதினால் உடனே ஒரு பதில் வரும்: "நீங்க விஞ்ஞானத்துக்கு எதிரி, உலகம் எங்கேயோ போகுது." இல்லை. உலகம் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கோபப்படுகிறோம்.

மனுசத் தோல் கலத்தை ஆய்வுகூடத்தில் தாளாக வளர்க்கலாம் என்று 1975இல் ஹவார்ட் கிரீனும் ஜேம்ஸ் ரைன்வால்டும் காட்டினார்கள். தீக்காயத்தில் உடம்பு முழுக்க வெந்த பிள்ளைகளை அந்தத் தோல் காப்பாற்றியது. 2015இல் ஜெர்மனியின் போகும் நகரத்துக்கு ஒரு சிரிய அகதிப் பையன் வந்தான், ஏழு வயது. பிறவி நோயால் மேல்தோல் பெரும்பாலும் உரிந்து போயிருந்தது. இத்தாலியில் மிக்கேலே தெ லூக்காவின் குழு அவனுடைய சொந்தக் கலத்தை எடுத்து, பழுதான ஜீனைத் திருத்தி, வளர்த்து அனுப்ப, அவன் மேல்தோலில் 80 சதவீதத்தைப் புதிதாக ஒட்டினார்கள். பையன் பாடசாலைக்குத் திரும்பிப் போனான். அவன் குடும்பம் பெட்டி வாங்கவில்லை, மண்டபத்தில் கை தட்டவும் இல்லை. ஓர் ஆஸ்பத்திரி அவனைச் சேர்த்துக்கொண்டது, செய்ததை 2017இல் எல்லோரும் பரிசோதிக்கும்படி வெளியிட்டது. 2025இல் வந்த இன்னொரு செய்தி: மூலக்கலத்தில் இருந்து வளர்த்த இன்சுலின் சுரக்கும் கலங்களை முதலாம் வகை நீரிழிவுக்காரர் 12 பேருக்கு முழு அளவில் ஏற்றினார்கள், ஒரு வருசத்தில் 10 பேருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. மகா பெரிய விசயம். ஆனால் அந்தக் கலத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை விடாமல் எடுக்க வேண்டும். அதுவும் முதலாம் வகைக்குத்தான். எங்கட ஊரில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது இரண்டாம் வகை. உண்மையான விஞ்ஞானம் இப்படித்தான் பேசும்: எத்தனை பேருக்கு, எந்த வருத்தத்துக்கு, என்ன கேடோடு.

பொய்யும் அதே பேரில்தான் வந்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு தனியார் கிளினிக், கண் மங்கின வயதான பெண்கள் மூவருக்கு, அவர்களுடைய வயிற்றுக் கொழுப்பில் இருந்து எடுத்த "மூலக்கலத்தை" ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் ஊசியாக ஏற்றியது. ஆளுக்கு 5,000 டொலர் வாங்கியது. மூவருடைய பார்வையும் நாசமானது. 2017இல் கண் மருத்துவர்கள் இதை எழுதி வெளியிட்டார்கள். சுவீடனில் பாவுலோ மக்கியாரினி என்ற சத்திரசிகிச்சை நிபுணர், மூலக்கலம் தடவின பிளாஸ்டிக் மூச்சுக்குழாயை ஆட்களுக்குப் பொருத்தி உலகப் புகழ் பெற்றார். பொருத்தியவர்கள் செத்தார்கள். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை வருசச் சிறை கொடுத்தது. அவர் வேலை செய்தது நோபல் பரிசு தெரிவு செய்கிற நிறுவனத்தில். அங்கேயே அப்படி என்றால் மாத்தளை மண்டபத்தில் கோட் போட்டவரை என்ன சொல்ல? இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில், இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்புமச்சை மாற்றுச் சிகிச்சை தவிர மற்ற மூலக்கலச் சிகிச்சை எல்லாம் பரிசோதனை நிலையிலேயே இருக்கிறது, அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. "ஆராய்ச்சி" என்று சொல்லிக் காசு கேட்டால் எழும்பி வந்துவிடுங்க, அவ்வளவுதான்.

மலிவாக, எங்களைப் போன்ற ஊர்களை நினைத்தே செய்த நல்ல வேலைகளும் உண்டு. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிலையத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் பீய்ச்சி வெந்த பிள்ளைகள் வருவார்கள். சுண்ணாம்புப் பக்கெட்டை அமுக்கி விளையாடும்போது நடப்பது. எங்கட வீட்டுத் திண்ணையிலும் அந்தப் பக்கெட் கிடக்கிறது, கவனம். கருவிழியின் ஓரத்தில் இருக்கும் மூலக்கலங்கள் வெந்துவிட்டால் கண் வெள்ளையாகிப் போகும். வீரேந்தர் சங்வானும் கூட்டாளிகளும் 2012இல் ஒரு வழியை வெளியிட்டார்கள். நல்ல கண்ணின் ஓரத்தில் இருந்து சில மில்லிமீற்றர் துண்டு ஒன்றை எடுக்கிறார்கள். அதைப் பொடிப்பொடியாக வெட்டி, பிள்ளைப்பேற்றின்போது கிடைக்கும் பனிக்குட மென்படலத்தின் மேல் வைத்துப் பழுதான கண்ணிலேயே ஒட்டுகிறார்கள். மிச்சத்தைக் கண்ணே வளர்த்துக்கொள்ளும். கோடி ரூபாய் ஆய்வுகூடம் தேவையில்லை. இலங்கையும் சும்மா இருந்த நாடில்லை. ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கின கண்தானச் சங்கம் உலகம் முழுக்கக் கண் அனுப்பியிருக்கிறது. உடம்பின் ஒரு துண்டு இன்னொருவரில் உயிர் பெறும் என்பதை விளங்கிக்கொள்ள எங்கட பாட்டனுக்குப் பவர்பொயின்ட் தேவைப்படவில்லை.

இப்போ காலுக்கு வருவோம். ஆறாத கால் புண்ணை ஆற்றும் வித்தையில் உலகத்துக்கு வழிகாட்டினது யார் என்று தேடினால் எங்கட மண்ணுக்கே வந்து நிற்க வேண்டியிருக்கிறது. பாடசாலையில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

1930களில், தொழுநோயால் காலில் உணர்ச்சி போன ஆட்களின் உள்ளங்கால் புண்ணை, பாதத்தோடு ஒட்டினாற்போல் பிளாஸ்டர் கட்டு, அதாவது மாவுக்கட்டுப் போட்டு ஆற்றியவர் மில்ரோய் போல். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் அவர்தான். அதே காலத்தில் இந்தியாவில் ஜோசப் கான் இந்த வழியை எடுத்து எழுதினார். அதை உலகத்துக்குக் கொண்டுபோனவர் பால் பிராண்ட், 1914இல் கொல்லிமலையில் மிஷனரி வீட்டில் பிறந்தவர். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்குச் சத்திரசிகிச்சை நிபுணராக வந்தார். அந்த நேரத்தில் டொக்டர்மாரே நம்பினது என்ன? தொழுநோய்க்காரரின் தசை "கெட்ட தசை", அது ஆறாது, விரல் தானாக அழுகி விழும். பிராண்ட் ஒவ்வொரு புண்ணாகப் பின்தொடர்ந்து பார்த்தார். கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கிறான், ஆணி குத்தின காலோடு நடக்கிறான், ராத்திரி எலி விரலைக் கடித்தாலும் எழும்புறதில்லை. தசையில் ஒரு குறையும் இல்லை. வலி இல்லாததுதான் குறை. மிதிக்காமல் விட்டால் அந்தத் தசை மற்ற எவருடைய தசையையும் போலவே ஆறியது.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே வந்த நீரிழிவுக்காரரின் கால்களைப் பார்த்தபோது அதே புண், அதே இடம், அதே வலியில்லாமை. வேலூரில் செய்ததையே அங்கேயும் செய்தார். இன்றைக்கு உலகம் முழுக்க நீரிழிவுக் கால் புண்ணுக்கு முதலில் சொல்லப்படும் சிகிச்சை, பாதத்தின் பாரத்தை இறக்குவது. அதற்கான உறுதியான முறை அந்தப் பழைய மாவுக்கட்டு.

கணக்கையும் பாருங்க. 2001இல் வெளியான ஒரு பரிசோதனையில், நீரிழிவுக் கால் புண் இருந்தவர்களுக்கு மாவுக்கட்டுப் போட்டபோது 12 வாரத்தில் 89.5 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது. கழற்றி மாட்டும் சப்பாத்துக் கொடுத்தவர்களில் 65 சதவீதம். ஏன் இந்த வித்தியாசம்? கழற்றலாம் என்றால் ஆள் கழற்றிவிட்டு நடப்பார், வேறொன்றுமில்லை. அதே வருசம் வெளியான இன்னொரு பரிசோதனை, மனிதக் கலத்தால் வளர்த்த உயிருள்ள செயற்கைத் தோலைப் பற்றியது, அமெரிக்காவில் அனுமதி பெற்ற நிஜமான தயாரிப்பு: 12 வாரத்தில் 56 சதவீதம், அது இல்லாமல் 38. இரண்டும் வெவ்வேறு பரிசோதனை, வெவ்வேறு புண். இந்த இலக்கங்களை அப்படியே பக்கத்தில் வைத்து ஓட்டப்பந்தயம் நடத்த ஏலாது. ஆனால் அந்த உயிருள்ள தோலைப் போட்ட டொக்டர்மாரும் செத்த தசையை வெட்டிச் சுத்தம் செய்தார்கள், காலின் பாரத்தை இறக்கினார்கள். அது இல்லாமல் தோலை ஒட்டினால் ஆள் முதல் நாளே மிதித்து நசுக்கிவிடுவார். எதிர்காலத்து வைத்தியம் எவ்வளவு பெரிதாக வந்தாலும் மில்ரோய் போலின் மாவுக்கட்டுக்கு மேலேதான் உட்கார வேண்டும்.

(வீட்டில் யாரும் தாங்களே கட்டுப் போட்டுவிடாதீங்க. காலுக்கு இரத்த ஓட்டம் குறைந்தவருக்கும், உள்ளே சீழ் பிடித்தவருக்கும் அது ஆபத்து. பழகின கையால், வாராவாரம் அவிழ்த்துப் பார்த்துப் போட வேண்டியது.)

இதுக்கு என்ன தேவை? பிளாஸ்டர் தூள், பஞ்சு, பழகின ஒரு தாதி, ஓர் அறை. புண் வராமல் தடுக்க இன்னும் குறைவு. 10 கிராம் பாரத்தில் வளைகிற நைலோன் நூல் ஒன்று இருக்கிறது. தூண்டில் நூல் மாதிரி. உள்ளங்காலில் சில இடத்தில் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்பார்கள். தெரியவில்லை என்றால் அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது. அந்த ஆளுக்கு அடிப்பாகம் மெத்தென்ற ரப்பரும், மேலே பின்பட்டியும் உள்ள செருப்பு வேண்டும். வேலூருக்குப் பக்கத்துக் கரிகிரித் தொழுநோய் ஆஸ்பத்திரியில் இப்படிச் செருப்பை அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்து கொடுத்தார்கள்.

எங்கட பகுதிக் கிளினிக் நாளில் நடக்கிறது என்ன? விடிய முதல் நம்பர் எடுக்கிறோம், இரத்தம் குத்துறாங்க, பிரஷர் பார்க்கிறாங்க, ஒரு மாத மாத்திரை தாறாங்க. சனம் கூட, டொக்டர்மார் குறைவு, 2022க்குப் பிறகு நாட்டை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும். இருக்கிறவங்க இயந்திரம் மாதிரி வேலை செய்யிறாங்க, அவங்களைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் வருசக்கணக்காக கிளினிக் போகும் ஒருவரின் செருப்பை ஒருநாளும் யாரும் கழற்றச் சொல்லவில்லை என்றால் அது ஆளில்லாக் குறை மட்டுமில்லை. கால் என்பது யாருடைய கணக்கிலும் இல்லை என்று அர்த்தம். அந்த வெற்றிடத்தில்தான் பொடிக்காரர் வந்து உட்காருகிறார். அவர் ஆளுக்கு அரை மணித்தியாலம் கொடுக்கிறார். "அம்மா, உங்க கால் எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்காகவே எங்கட ஆட்கள் காசு கொடுக்கிறார்கள் என்று சில நேரம் தோன்றும்.

பொடி விற்கப் போயிருக்கும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்க கெட்டவங்க இல்லை. ஏ.எல். முடித்து, கொழும்புக்குப் போய்க் கடையில் நின்று, திரும்பி வந்து, கையில் ஒன்றும் இல்லாமல் இருக்கிறபோது "நீயே உனக்கு முதலாளி" என்று ஒருவர் வந்தால் காது கொடுப்பீங்கதான். ஆனால் முதல் பெட்டியை வாங்கினது யார்? உன் பெரியம்மா. இரண்டாவது? உன் கூட்டாளியின் வாப்பா. தெரியாதவருக்கு விற்று ஒருவரும் இதில் மேலே போனதில்லை; ஆளைச் சேர்த்துத்தான் போகிறார்கள். ஆளைச் சேர்த்துக் காசு சேர்க்கும் பிரமிட் திட்டம் வங்கித் தொழில் சட்டத்தின் 83இ பிரிவின்படி இலங்கையில் குற்றம். மேலே இருக்கிறவருக்கு அது தெரியும், கீழே இருக்கிற உனக்குத்தான் சொல்லவில்லை. இன்னொரு தந்திரத்தையும் பார். மருந்தென்றால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையில் பதிய வேண்டும். அதனால் பெட்டியில் அச்சடிப்பது "உணவு", வாயால் சொல்வது "மருந்து". அச்சுக்குக் கம்பெனி பொறுப்பு. வாய் யாருடையது? உன்னுடையது.

நாங்கள் கேட்பது பெரிய விசயம் இல்லை. மாத்தளை ஆஸ்பத்திரியிலும் சுற்றியுள்ள கிளினிக்குகளிலும் நீரிழிவுக்காரர் எல்லோருக்கும் வருசத்துக்கு ஒரு தடவையாவது, செருப்பைக் கழற்றிக் காலைப் பார்க்க வேண்டும், நூலால் தொட்டுப் பார்க்க வேண்டும். உணர்ச்சி போனவருக்குச் செருப்பு இலவசமாகத் தர வேண்டும். மாத்திரை இலவசம் என்றால் செருப்பும் மாத்திரைதான். மாவுக்கட்டுப் போடப் பழகின ஒருவர் மாவட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், கண்டிக்கும் கொழும்புக்கும் அனுப்பினால் புண் பஸ்ஸிலேயே பெருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்மார் கடையில் சாப்பாட்டின் சுத்தத்தைப் பார்க்கிற மாதிரி, மண்டபத்தில் பெட்டி விற்கிறவரையும் ஒருதரம் எட்டிப் பார்க்க வேண்டும். கோயில் நிர்வாகத்திடமும் ஒரு கேள்வி: தேர் நாளில் ரோட்டில் தண்ணி தெளிக்கிறீங்க, நல்லது, நீரிழிவுக்காரர் செருப்போடு வடம் பிடித்தால் அம்மன் கோபிப்பாளா? பள்ளிவாசல் ஜமாஅத்திடம் ஒரு யோசனை: ஐந்து நேரமும் வுழூ செய்யும்போது காலைக் கழுவுகிறோம், உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கச் சொல்லி ஒரு ஜும்ஆவில் சொல்லலாம். குனிய ஏலாத வயசு போனவர்களுக்குக் குழாயடியில் ஒரு சின்னக் கண்ணாடி பதிக்கலாம்.

மூலக்கலத் தோல் இலங்கைக்கு வரும் நாளில் முதல் வரிசையில் நின்று கேட்போம், இலவச ஆஸ்பத்திரியில் வேண்டும் என்று கேட்போம். அதை வாங்கிக்கொள்ள அப்போது கால் இருக்க வேண்டும்.

அடுத்த கிளினிக் நாளில் வீட்டு ஆளைத் தனியே அனுப்பாதீங்க. கூடப் போங்க. டொக்டர் மாத்திரை எழுதி முடிக்கும்போது, கேட்காவிட்டாலும், செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க. அவர் ஏசினால் ஏசட்டும்.